கட்டத் தாளில் இரண்டு கைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள இடிக்கு,

நலமா? காது நலமா? இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன். போன கடிதத்தில் "நான் நலம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காதைப் பற்றி மூச்சே விடவில்லை நீ. அந்த 'ங்ஙொய்' சத்தம் குறைந்திருக்கிறதா? அண்ணன் வீட்டில் டிவியை மெதுவாக வைக்கிறார்களா? வைக்கவில்லை என்றால் எழுது, நானே வந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன்.

உன் போன் இங்கே அலமாரியில் தூங்குகிறது. அதை உன் கையில் கொடுத்தால் ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்று காதில் மாட்டிக்கொள்வாய். பத்து வருஷமாகப் பார்க்கிறேனே உன்னை! டாக்டர் சொன்ன ஆறு மாத ஓய்வு முடியும்வரை தபால்காரரை நம்பிப் பிழைப்போம். கல்யாணத்துக்கு முன்னால்கூட ஒரு கடிதம் எழுதியதில்லை என்று குத்திக்காட்டுவாயே, அதற்கெல்லாம் சேர்த்து இப்போது எழுதிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இல்லாமல் நம் குழு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பாடகி உம்மென்று இருக்கிறாள். பேஸ் கிடார்காரன் நேற்று மெல்ல ஆரம்பித்தான்: "வேற டிரம்மர் யாரையாச்சும் கூப்பிட்டுப் பாக்கலாமா?" "அந்த ஸ்டூல்ல வேற ஆள் உக்காந்தா நான் கீபோர்டை மூட்டை கட்டிடுவேன்" என்றேன்.

ஆனால் சும்மா இருக்கவும் முடியாதே. அதனால் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் அடிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று போட்டிருக்கிறேன். திரை முழுக்கக் கட்டங்கள். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையும் ஒரு டிரம்; இடமிருந்து வலமாக நேரம் ஓடும். எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறேனோ அந்த நேரத்தில் அந்த டிரம் அடிக்கும். குச்சியைக் கையில் பிடித்தறியாத நான், படுக்கையறை மேசையில் உட்கார்ந்து மவுஸைத் தட்டித் தட்டியே ஒரு பாட்டுக்கு முழுசாக அடித்துவிட்டேன்! கீழ்வீட்டுக்காரர் படியில் மறித்து, "என்ன சார், வீடு இவ்வளவு அமைதியா இருக்கு, எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

முறைக்காதே. இது வெறும் டம்மி. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படி உன் ஸ்டூலுக்கு நான் போட்டிருக்கும் துண்டு. நீ வந்ததும் உதறிவிட்டு உட்காரலாம்.

என்ன ஒன்று, அடித்தது டிரம்ஸ் மாதிரி இல்லை, அடிதடி மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. உனக்குப் போட்டுக் காட்டவும் வழியில்லை. அதனால் கட்டங்களை அப்படியே தாளில் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணால் வாசித்துப் பார்த்து, சிவப்பு மையில் திருத்தி அனுப்பு, டீச்சரம்மா.

கீபோர்டுக் கட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாத,
உன் கட்டை


பிப்ரவரி 17

அருமைக் கட்டைக்கு,

தாள் வந்தது. அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஸ்வெட்டர் டிசைனா? கழுத்துப் பக்கம் இடிக்குதே" என்றாள். உன் டிரம்ஸுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

முதலில் ஒரு கேள்வி. பத்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாயே, எனக்கு எத்தனை கை என்று ஒரு நாளாவது எண்ணினாயா? பன்னிரண்டாவது கட்டத்தில் இரண்டு கையும் டாம் டிரம்களில் உருண்டுகொண்டிருக்கிறது. அதே நேரத்தில் ஹை-ஹேட், அந்த ஜோடித் தட்டு, அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யார் அடிக்கிறார்கள், உன் அம்மாவா?

ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள். தாளில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்து. ஸ்கேல் தொடுகிற புள்ளிகளில் கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு. அதற்கு மேல் ஒன்று இருந்தாலும் அடிப்பது மனுஷி இல்லை, சிலந்தி. கை டாமுக்குப் போனால் ஹை-ஹேட் நிற்கும், நின்றே ஆக வேண்டும். நிற்கிற அந்த இடம்தான் கேட்கிறவனுக்கு "ஏதோ வரப்போகுது" என்று சொல்லும். அப்புறம், பெரிய தட்டை அந்தரத்தில் தனியாக அடித்திருக்கிறாய். அது அடிக்கும்போதெல்லாம் கீழே காலால் பெரிய டிரம்மையும் மிதி. இல்லாவிட்டால் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்ட மாதிரி இருக்கும்.

காதைக் கேட்டாயே. 'ங்ஙொய்' இருக்கிறது. காலையில் கொஞ்சம் அடங்குகிறது, குக்கர் விசில் அடித்தால் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. நாம் சேர்ந்து போய்ப் பார்த்த இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மாதா மாதம் டெஸ்ட் எடுக்கிற பெண் ரொம்ப நன்றாகப் பேசுகிறாள், அதாவது வாய் நன்றாக அசைகிறது. டாக்டரை இனி ஜூலையில்தான் பார்க்க முடியுமாம்.

ஆறு மாத ஓய்வில் பன்னிரண்டு நாள் போய்விட்டது. சுவரில் காலண்டரில் அடித்துக்கொண்டே வருகிறேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நான் ஸ்டூலில் இருப்பேன். அதுவரை உன் துண்டு பத்திரம்.

உன் இடி


மார்ச் 8

அன்புள்ள இடிக்கு,

சிலந்தியைக் கொன்றுவிட்டேன். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன், நான்கு கால் எட்டுக் கையெல்லாம் போய் ஒழுங்கான மனுஷியாகிவிட்டாய்.

இருந்தும் உயிர் இல்லை. பாடகி கேட்டுவிட்டு, "தையல் மெஷினை வெச்சுப் பாடச் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். எல்லாப் புள்ளியும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் விசை என்று ஓர் எண் கொடுக்கலாம், நூற்றிருபத்தேழு வரை. நான் பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் நூறு கொடுத்திருக்கிறேன். அதுதான் தப்போ?

இரண்டாம் பாட்டின் தாளையும் வைத்திருக்கிறேன். இந்த முறை தப்பை மட்டும் திருத்தாதே. நீ வாசிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று எழுது. எந்தக் கை முந்தும், எது பிந்தும், எங்கே உனக்குப் பயம், எங்கே குஷி. ஒன்றுவிடாமல் எழுது. எனக்கு எல்லாம் வேண்டும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் கட்டை


மார்ச் 19

அருமைக் கட்டைக்கு,

எல்லாவற்றுக்கும் நூறா! பரீட்சைத் தாள் திருத்த உன்னை அனுப்பினால் ஊரே பாஸாகிவிடும்.

கேள். என் வலது கையும் இடது கையும் அக்கா தங்கச்சி. அக்கா நூறு என்றால் தங்கச்சி எண்பத்தைந்துக்கு மேல் போக மாட்டாள். ஹை-ஹேட்டில் ஒன்று ஓங்கி, ஒன்று தாழ்ந்து வரும். மடிக்கு முன்னால் இருக்கிற ஸ்நேர் டிரம்மில் பெரிய அடிகளுக்கு நடுவே குச்சி தானாகத் துள்ளி முணுமுணுக்கும், அதற்கு முப்பது போதும், யாருக்கும் தனியாகக் கேட்காது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறையும். வேகப் பாட்டில் மூன்றாவது நிமிஷத்தில் எனக்குக் கை வலிக்கும். அங்கே எல்லா எண்ணையும் கொஞ்சம் குறை.

புள்ளிகளைக் கோட்டின் மேலேயே குத்தி வைத்திருக்கிறாயே, நான் என்ன ஸ்டேஷன் கடிகாரமா? மெதுவான பாட்டில் ஸ்நேரை ஒரு மயிரிழை பின்னால் தள்ளு. நான் அங்கே சாய்ந்துதான் உட்காருவேன். பல்லவி திரும்ப வருவதற்கு முந்தின கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரு மயிரிழை முன்னால் இழு. எனக்கு அங்கே குஷி தாங்காது, ஓடிவிடுவேன், நீ திட்டுவாய். பெரிய தட்டுக்கு முன்னால் மூச்சை இழுப்பேன். அந்த இடத்தில் ஒரு புள்ளியை எடுத்துவிடு. அந்தக் காலி இடம்தான் மூச்சு.

இதை எழுதும்போது இடது கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. அண்ணி பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. கட்டை, இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொள்ளாதது. எத்தனை வருஷ அடி! உனக்கு மட்டும் எழுதித் தருகிறேன். யாருக்கும் காட்டாதே, பேஸ்காரனுக்குக்கூட.

ஒரு வாக்கு கொடு. நான் வந்து வாசிக்காமல் ஒரு பாட்டும் வெளியே போகக் கூடாது. சரியா?

உன் இடி


ஏப்ரல் 28

அன்புள்ள இடிக்கு,

பதில் தாமதம், கோபிக்காதே. வேலை கழுத்து வரை.

உன் எழுத்தை வரி வரியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினேன். இருபது நாள் ஆயிற்று. நேற்று பாடகி வந்தாள். ஒன்றும் சொல்லாமல் பாட்டை ஓடவிட்டேன். பாதியிலேயே எழுந்து, "அவ எப்போ வந்தா? சொல்லவே இல்லை!" என்று சமையலறை வரைக்கும் போய்த் தேடினாள்! நான் சிரித்தேன்.

வாக்கெல்லாம் எதற்கு, நமக்குள்? நீ உடம்பைப் பார்த்துக்கொள், அது போதும்.

மூன்று பாட்டுகளின் தாள் வைத்திருக்கிறேன். மூன்றாவதில் அந்த நீளமான உருட்டலில் எந்தக் கையில் ஆரம்பிப்பாய் என்று மட்டும் எழுது.

உன் கட்டை


ஜூன் 11

அருமைக் கட்டைக்கு,

வலது கையில்தான். இடது கையில் ஆரம்பித்தால் முடிவில் பெரிய தட்டுக்கு எட்டாது. தாள்களையும் திருத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். ஏப்ரலிலிருந்து மூன்று கடிதம் போட்டேன். பதிலுக்கு ஒரு கடிதம், மூன்று தாள். என் வலது கையைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கிறாய், அந்தக் கைக்குச் சொந்தக்காரி எப்போது வீட்டுக்கு வருகிறாள் என்று ஒரு வரி கேட்கக் கூடாதா? நேரில் வா என்றால் வேலை என்கிறாய். அப்படி என்ன வேலை, மகாராஜாவுக்கு?

ஸ்நேரின் தோல் நைந்திருந்தது, மாற்றி வை. ஸ்டூலின் திருகு இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு துணியைச் சுற்றி முறுக்கு. என் செருப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். காலண்டரில் இன்னும் ஐம்பத்தைந்து நாள்.

கோபமில்லை. கொஞ்சம்தான்.

உன் இடி


ஜூலை 16

உங்களுக்கு,

இன்று டாக்டரைப் பார்த்தேன். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.

உட்காரக்கூடச் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த போனை என் பக்கம் திருப்பினார். நம் குழுவின் பாட்டுகள், ஐந்து. வெளிவந்து மூன்று வாரம் ஆகிறதாம். டெஸ்ட் எடுக்கிற பெண் ஆசை ஆசையாகக் கண்டுபிடித்து அவருக்குக் காட்டியிருக்கிறாள். கீழே பெயர்ப் பட்டியலில் 'டிரம்ஸ்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? உங்களுக்குக் காது வேணுமா, வேண்டாமா?" என்று கத்தினார். எனக்கே தெளிவாகக் கேட்கிற அளவுக்கு.

"நான் வாசிக்கல டாக்டர். ஆறு மாசம் இன்னும் முடியலையே, அடுத்த மாசம்தான் வாசிக்கப் போறேன்" என்றேன்.

"எந்த ஆறு மாசம்? யார் சொன்னது?"

நான் உங்களைச் சொன்னேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "அன்னைக்கு உங்களுக்குச் சரியா கேக்கல. அதனாலதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட விவரமா சொல்லி, வீட்ல பொறுமையா எடுத்துச் சொல்லுங்கன்னு அனுப்பினேன். இனிமே டிரம்ஸ் பக்கமே போகக் கூடாதும்மா. போன காது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தறதுக்குத்தான் இந்த வைத்தியம்."

திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்று தடவை சொன்னார், பாவம்.

நீங்கள் பிப்ரவரியிலிருந்தே தெரிந்து வைத்திருந்தீர்கள். டம்மி என்று எழுதியபோது தெரியும். துண்டு போட்டிருக்கிறேன் என்று எழுதியபோது தெரியும். நான் தேதி தேதியாக அடித்துக்கொண்டு வந்ததைப் படித்துவிட்டு, "இரண்டாம் பாட்டின் தாளையும் வைத்திருக்கிறேன்" என்று எழுதினீர்களே, எப்படி ஐயா கை வந்தது? பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள். என்னை என்னிடமிருந்தே எழுதி வாங்கிவிட்டீர்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டியைக் கட்டி முடித்ததும், "ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டுப் போறேன்" என்றேன். நீங்கள் என் கையிலிருந்து குச்சியை வாங்கி மேலே வைத்துவிட்டு, "வந்து வாசிச்சுக்கலாம், எங்க ஓடிடப் போகுது?" என்றீர்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் உங்களிடம் சொல்லியாகிவிட்டது.

அப்படியென்றால் நான் கடைசியாக வாசித்தது எது? அதற்கும் முந்தின வாரம் ஒத்திகையில், இரண்டாம் சரணத்தில் பேஸ்காரனுக்குப் போன் வந்தது என்று பாதியில் நிறுத்தினோமே, அதுவா? அதுதானா என் கடைசி வாசிப்பு?

இப்படிக்கு,
கையெழுத்துப் போட மனமில்லை


ஜூலை 23

அன்புள்ள இடிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நாயே பேயே என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக எனக்கு அரை நாள் ஆயிற்று.

எல்லாம் உண்மை. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததை ஒரு தடவை கேள். டாக்டர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாய். அவர் "இனிமே வாசிக்கவே முடியாது" என்று சொன்ன அதே நேரத்தில் நீ என்னைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாய். எல்லாவற்றையும் சரியாக அழுத்திவிட்டோம் என்று உனக்கு நினைப்பு. வெளியே வந்து "என்ன சொன்னார்?" என்று கேட்டாய். ஆறு மாதம் என்று வாயில் வந்துவிட்டது. நான் கோழை. மறுநாள் சொல்லலாம், அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொல்லவே வராமல் போய்விட்டது.

பாட்டுகளை வெளியிட வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாடகி விடவில்லை. இவ்வளவு நன்றாக வந்ததைப் பூட்டி வைப்பதா என்றாள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். உன் பெயரைப் போட்டது ஏமாற்ற இல்லை. வேறு யார் பெயரைப் போடுவேன்? ஒவ்வொரு புள்ளியும் நீ.

எனக்கு ஒரு யோசனை. செப்டம்பரில் பெரிய மேடை ஒன்று வந்திருக்கிறது. எல்லாரும் டிரம்மரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீ வா. உன் டிரம்ஸையே மேடையில் போடுவோம், மேலே ரப்பர் விரித்துவிட்டால் சத்தமே வராது. பதிவு செய்த ட்ராக் ஓடும். நீ காதை நன்றாக அடைத்துக்கொண்டு சும்மா கையை அசைத்தால் போதும். பாட்டுக்கு வாயசைப்பதில்லையா, அது மாதிரி. உன்னைவிட அந்தத் தாளங்கள் யாருக்கு மனப்பாடம்? ஒருத்தருக்கும் தெரியாது. உன் ஸ்டூலும் உனக்கு, உன் பெயரும் உனக்கு, காதுக்கும் ஆபத்தில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வருவாய்தானே?

என்றும் உன்,
கட்டை


ஆகஸ்ட் 1

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடிக்குள்ளிருந்து நான் சிரித்ததைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. வெளியே நின்றது நானாக இருந்திருந்தால் நானும் ஒரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒரு நாள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம். அதற்குமேல் உங்கள் முகத்தில் என்னால் விழித்திருக்க முடியாது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நான் இங்கே இருந்தேன்.

அந்தப் பொய்யைக்கூட நான் என்றைக்காவது விழுங்கியிருப்பேன். ரப்பர் விரிப்பை விழுங்க முடியவில்லை. முதலில் மெஷினுக்கு என் பெயரை வைத்தீர்கள். இப்போது மெஷின் வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கை ஆட்ட வேண்டும், அப்படித்தானே? அதை ஒரு பரிசு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "வருவாய்தானே" என்று வேறு. அதைப் படித்தபோதுதான், நான் எதை இழந்திருக்கிறேன் என்று உங்களுக்கு இன்னமும் தெரியவில்லை என்பது புரிந்தது.

டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் போனில், டாக்டர் விட்ட அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, முதல் பாட்டைக் கேட்டேன். நன்றாக இருந்தது. பல்லவிக்கு முன்னால் நான் அவசரப்படுகிற இடம் வந்ததும் என் கால் தானாகத் தரையை மிதித்தது. அடடா என்று நினைத்தேன். அடுத்த பல்லவி வந்தது. அங்கேயும் அதே அவசரம், அதே மயிரிழை. மூன்றாவதிலும் அதே.

நான் அப்படி வாசித்ததே இல்லை. முதல் தடவை ஓடிவிடுவேன், நீங்கள் கீபோர்டிலிருந்து தலையைத் திருப்பி ஒரு முறை முறைப்பீர்கள், அடுத்த தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போவேன். பத்து வருஷமும் அப்படித்தான் போயிற்று. அதைத் தாளில் எழுத எனக்குத் தோன்றவில்லை, அந்த இடத்தில் நீங்கள்தான் இருந்தீர்களே, உங்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். என்னைப் புள்ளி புள்ளியாக எடுத்து வைத்துக்கொண்டவருக்கு, பக்கத்திலேயே உட்கார்ந்து முறைத்தது நினைவில் இல்லை.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள், பாடுபட்டது நீங்கள்தான். என் கடிதங்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அவை இனி எனக்கு எதற்கு?

டிரம்ஸை மட்டும் ஒரு வண்டியில் ஏற்றி இங்கே அனுப்புங்கள். அண்ணன் கார் ஷெட்டை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் எகிறினார். அப்புறம், ஒரு பாட்டு வாசித்தால் என்ன ஆகலாம், எவ்வளவு போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை நானே கேட்டுக்கொண்டேன். காதடைப்பானுக்கு அளவு எடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு பாட்டு. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை, யாருக்குப் போன் வந்தாலும் நிறுத்தாமல், இதுதான் கடைசி என்று தெரிந்தே வாசிக்கப் போகிறேன். அண்ணனும் அண்ணியும் இருப்பார்கள். டெஸ்ட் எடுக்கிற பெண்ணும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

கேட்க நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
டிரம்ஸ் வாசிக்கிறவள்